சில்வர் பேணியோடு பின்லாந்து போனவள்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போன உங்கள் பிள்ளையின் சூட்கேசுக்குள் என்னென்ன வைத்து அனுப்பினீர்கள் என்று உங்களால் முழுவதும் சொல்ல முடியுமா? மிளகாய்த்தூள், பயத்தம் மா, கம்பளிச் சட்டை, சான்றிதழ்ப் பிரதிகள், இவையெல்லாம் சரி. இவற்றோடு சேர்த்து நீங்கள் வைத்த இன்னொன்று இருக்கிறது. அதற்கு நிறை கிடையாது. விமான நிலையத்து இயந்திரமும் அதைப் பிடிக்காது. போய் இறங்கிய இடத்தில்தான் அது மெல்ல வெளியே வரும்.

யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் சரவணை என்ற ஊரைச் சேர்ந்த துஷாந்திக்கு அப்படித்தான் வந்தது.

துஷாந்தியின் தகப்பன் நடராசா பனை ஏறிக் கள் இறக்குகிறவர். தாய் இராசமலர் வேலணைப் பக்கத்துப் பெரிய வளவுகளில் மா இடித்து, முற்றம் கூட்டி, வெங்காயம் பிடுங்கி இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். தீவில் கடலுக்குக் குறைவில்லை. குடிக்கிற தண்ணீருக்குத்தான் பஞ்சம். நல்ல தண்ணீர்க் கிணறுகள் சில பேரின் வளவுகளுக்குள் இருந்தன. அங்கே கயிற்றைத் தொடும் உரிமை இராசமலருக்கு இல்லை. யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு நிற்க வேண்டும். வேலைசெய்யும் வீடுகளில் தேநீர் கிடைக்கும், ஆனால் அது வேலியில் செருகி வைத்த தகரப்பேணியில் கிடைக்கும். குடித்துவிட்டுக் கழுவி, மறுபடியும் வேலியிலேயே செருகிவிட வேண்டும்.

இராசமலர் ரோசக்காரி. மகள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கென்று ஒரு சில்வர் பேணியைப் பையில் போட்டே கூட்டிக்கொண்டு போவாள். "ஆரும் தேத்தண்ணி தந்தால் இதை நீட்டு. அவையின்ரயில குடியாதை. எங்களிட்டைப் பேணி இல்லையெண்டோ அதில குடிக்கிறம்?" என்பாள். அவமானம் வந்து சேருவதற்கு முன்பே அதன் வாசலை அடைத்துவிடுகிற தந்திரம் அது. பிள்ளைக்கு அது தந்திரம் என்று தெரியாது. பல் தீட்டுவதுபோல, தலை வாரி இழுப்பதுபோல, வெளியே போனால் பேணியோடு போவது. அவ்வளவுதான்.

பிள்ளை படித்தாள். உணவுத் தொழில்நுட்பத்தில் பட்டம் எடுத்தாள். மேற்படிப்புக்குப் பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் உதவிப்பணத்தோடு இடம் கொடுத்தது. போவதற்கு முன்பு யாழ்ப்பாணத்தில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் வந்து வயதைக் கேட்காதே, சம்பளத்தைக் கேட்காதே, வரிசையை முறிக்காதே என்றார். உலகத்தின் எல்லா நிறத்து மனிதரோடும் ஒரே கூரையின் கீழ் வாழப்போகிறீர்கள், எல்லாப் பண்பாட்டையும் மதியுங்கள் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். இடைவேளைக்கு வெளியே வந்ததும், கைதட்டிய அதே பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டார்கள்: "நீர் எந்த இடம்? சரவணையில எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி?" உலகத்தை மதிக்கப் புறப்பட்டவர்களுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவளை முதலில் தரம் பிரிக்க வேண்டியிருந்தது. துஷாந்தி பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சிரிப்பும் பழக்கத்தில் வந்ததுதான்.

பின்லாந்தில் அவளிடம் எந்தக் கோயிலடி என்று கேட்க ஒருவரும் இருக்கவில்லை. பனியையும் இருட்டையும்விட அவளை முதலில் திகைக்க வைத்தது அதுதான். மாணவர் குடியிருப்பில் அவளுக்கு ஓர் அறை, சமைக்கிற குசினி பொது. பக்கத்து அறையில் கானா நாட்டுப் பெண் அபெனா. பெரிய குரல், பெரிய சிரிப்பு. அடுப்பில் எது வைத்தாலும் இரண்டு பேருக்குச் சேர்த்தே வைப்பாள்.

முதல் வாரத்தில் அபெனா இஞ்சி போட்டு ஏதோ சூடாகக் காய்ச்சித் தன்னுடைய மஞ்சள் கோப்பையில் ஊற்றி நீட்டினாள். துஷாந்தி கையை நீட்டவில்லை. "ஒரு நிமிடம்" என்று அறைக்குள் ஓடிச் சில்வர் பேணியை எடுத்து வந்து, "இதில் ஊற்று" என்றாள். அபெனா ஊற்றினாள். இரண்டாம் முறையும் அப்படியே. அபெனாவின் தட்டில் எப்போதாவது சாப்பிட நேர்ந்தால், சாப்பிட்டு முடிந்ததும் துஷாந்தி அதைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக் கழுவித் திருப்பிக் கொடுப்பாள். தான் தொட்டதைத் தானே கழுவிக் கொடுக்க வேண்டும் என்றுதான் அவளுக்குத் தெரியும். அருகில் நின்று பார்த்தவளுக்கோ அது வேறு விதமாகத் தெரிந்தது.

அபெனாவின் பிறந்தநாளன்று குசினி நிறையக் கூட்டம். எல்லார் முன்னாலும் அவள் தன் கோப்பையை, தான் ஒரு வாய் குடித்த கோப்பையை, துஷாந்தியின் வாயருகே கொண்டுவந்தாள். துஷாந்தி நெருப்பைக் கண்டதுபோலப் பின்னால் பாய்ந்தாள். பாய்ந்த பிறகுதான் பாய்ந்தது அவளுக்கே தெரிந்தது. பிறகு யாரோ பாட்டின் சத்தத்தைக் கூட்டினார்கள்.

மறுநாள் அபெனாவின் கோப்பைகளும் தட்டுகளும் பொது அலுமாரியிலிருந்து அவளுடைய அறைக்குப் போய்விட்டன. துஷாந்தி வெறுமையான அலுமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இங்கேயும் தெரிந்துவிட்டதோ? யார் சொல்லியிருப்பார்கள்? அவளோடு ஒரே விமானத்தில் வந்து அதே நகரில் வேறு பாடம் படிக்கும் வேலணைப் பெண் கம்சிகாவோ? ஏன் இந்தப் பெண் திடீரென்று தன்னிடமிருந்து பாத்திரத்தைப் பிரிக்கிறாள்? ஒவ்வொருத்தியும் மற்றவள் தன்னை ஒதுக்குகிறாள் என்று எண்ணிக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் பேசாமல் வாழ்ந்தார்கள்.

கோடை விடுமுறை வந்தது. தம்பி சுதனின் கலியாணத்துக்காகத் துஷாந்தி ஊருக்கு வந்தாள். சோளகக் காற்று பந்தல் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. முற்றத்தில் பெண்கள் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தபோது கைபேசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அவள் அதை வாசித்துவிட்டு அப்படியே பலகையில் குந்திவிட்டாள்.

"என்னடி, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு? ஆரும் பெடியன் எழுதினவனோ?" என்றாள் இராசமலர், அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே.

"பெடியனில்லை அம்மா. அறையை விட்டு எழும்பச் சொல்லப்போகினம் போல."

"ஏன்? வாடகை கட்டேல்லையோ?"

"பக்கத்து அறைப் பிள்ளை முறைப்பாடு குடுத்திருக்கு. அவள் கறுப்பெண்டபடியால் நான் அவளைத் தள்ளி வைக்கிறனாம்."

இராசமலர் மகளை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். "நீயோ? தள்ளி வைக்கிறியோ? எடி, எங்களுக்குக் கீழ தள்ளி வைக்கிறதுக்கு ஆரடி மிச்சம் இருக்கினம்?"

அடுப்படியில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். "பின்லாந்துக்குப் போய்ப் பிள்ளை பெரியாளாகிட்டுது!" என்று ஒருத்தி பகிடி விட்டாள். துஷாந்திக்குச் சிரிப்பு வரவில்லை. கடிதம் தெளிவாகவே இருந்தது. நிறம், இனம் பார்த்து ஒருவரை ஒதுக்குவது குடியிருப்பின் விதிக்கு மாறு. வியாழக்கிழமை காணொளியில் விசாரணை. முறைப்பாடு உண்மையென்று கண்டால் அவளுக்கு அறை இல்லை. விடயம் பல்கலைக்கழகத்துக்கும் போகும். உதவிப்பணம் அங்கிருந்துதான் வருகிறது. அது நின்றால் படிப்பு பாதியில் முடிந்துவிடும்.

அன்று பின்னேரம் கம்சிகா தொலைபேசியில் வந்தாள். விடயம் அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

"நீர் ஏன் துஷா பயப்பிடுறீர்? அது எங்கட கலாசாரம் எண்டு சொல்லிவிடும். அந்தச் சொல்லைக் கேட்டால் இஞ்சத்தை ஆக்கள் மேல ஒரு கேள்வியும் கேக்க மாட்டினம். உடன மன்னிப்புக் கேப்பினம், பாரும்."

"எங்கட எண்டால், ஆரின்ர?"

"தமிழாக்களின்ர. நாங்கள் எச்சில் பாக்கிறனாங்கள்தானே. சுத்தம். அவ்வளவுதான்."

"உங்கட வீட்டில ஆரும் பேணி கொண்டு திரியிறனீங்களோ?"

"இதுக்குள்ள ஏன் அதை இழுக்கிறீர்? அது பழைய கதை" என்றாள் கம்சிகா. பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "அம்மாட்டைப் பார்சலைக் குடுத்திட்டீரோ? கை உளைவுக்குக் குளிசை இருக்கு அதுக்குள்ள, மனுசி பாத்துக்கொண்டிருக்கும்" என்றாள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர் மற்றவர்களின் பார்சலைச் சுமந்து வர வேண்டும் என்பது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். அடுத்த நாள் துஷாந்தி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வேலணைக்குப் போனாள். கம்சிகாவின் வீடு அவளுக்குத் தெரிந்த வீடு. சிறு வயதில் தாயோடு வந்து பின் வளவில் நின்றிருக்கிறாள். இப்போது வெளிநாட்டுக் காசில் மதிலும் இரும்புப் படலையும் வந்திருந்தன. வேலி இல்லை, ஆகவே வேலியில் பேணியும் இல்லை.

"வாரும் பிள்ளை, வாரும்!" என்று கம்சிகாவின் தாய் சறோஜினிதேவி வாசலுக்கே வந்தார். முன்பு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். "கம்சி போனில எந்த நேரமும் உம்மட கதைதான். வெளியில காத்துக்கு இரும். உள்ளுக்கை பெயின்ற் மணம், மனுசர் இருக்கேலாது."

விறாந்தையில் பிளாஸ்ரிக் கதிரை. உள்ளே உண்மையில் பெயின்ற் மணம் வந்தது. துஷாந்தி அதை மோந்து பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டாள். நிச்சயப்படுத்தியதை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பார்சல் கைமாறியது. தேநீர் வந்தது. கடதாசிக் கோப்பையில் வந்தது.

"குறை நினையாதையும் பிள்ளை. கழுவுறதுக்கு ஆள் இல்லை, எனக்குக் கை உளைவு. இப்ப எல்லாருக்கும் இதுதான்."

எல்லாருக்கும் இதுதான். இருக்கலாம். கை உளைவுக்குத்தானே மகள் குளிசை அனுப்பியிருக்கிறாள். ஆனால் சறோஜினிதேவியின் கையில் இருந்தது பூப்போட்ட பீங்கான் கோப்பை. அதுவும் இருக்கலாம், தன் கோப்பையைத் தான் கழுவலாம், வருகிறவர்கள் எல்லாருடையதையும் கழுவ முடியுமா? துஷாந்தி தேநீரை உறிஞ்சவும் இல்லை, வைக்கவும் இல்லை. எந்த முடிவுக்கு வந்தாலும் அதற்கு எதிரான நியாயம் ஒன்று கதிரை போட்டுக்கொண்டு முன்னால் வந்து இருந்தது.

அந்த நேரம் பக்கத்து வீட்டுத் தம்பிராசா படலையைத் திறந்துகொண்டு வந்தார். சறோஜினிதேவியின் சொந்தக்காரர், அந்த ஊர்ப் பெரிய குடும்பம். துஷாந்தி கதிரை நுனிக்கு நகர்ந்தாள். இப்போது தெரிந்துவிடும். இவருக்கு எதில் வருகிறது என்று பார்த்தால் போதும்.

"தம்பிராசாண்ணை, தேத்தண்ணி ஊத்தட்டோ?"

"வேண்டாம் பிள்ளை. இப்பதான் குடிச்சுப்போட்டு வாறன்" என்றார் தம்பிராசா.

துஷாந்திக்கு அவருடைய சட்டையைப் பிடித்து உலுப்பி, "ஐயா, தயவு செய்து ஒரு வாய் குடியுங்கோ" என்று கெஞ்ச வேண்டும்போல இருந்தது.

"நடராசாவின்ர மகளெல்லே?" என்று அவர் கேட்டார். "நல்லாப் படிக்கிறீராம். சந்தோசம், சந்தோசம். நாட்டுக்குப் பெருமை." உண்மையான சந்தோசத்தோடுதான் சொன்னார். அதிலும் பிழை பிடிக்க முடியவில்லை.

போகும்போது, "அதை அந்த வாளிக்கை போட்டுவிடும் பிள்ளை" என்றார் சறோஜினிதேவி. வாளிக்குள் வேறு கடதாசிக் கோப்பைகள் கிடந்தன. யார் குடித்தவை? பெயின்ற் அடிக்க வந்தவர்களோ? அவர்கள் யார்? வாளிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது?

ஸ்கூட்டியில் திரும்பும்போது சோளகம் அவளைப் பக்கவாட்டில் தள்ளியது. தள்ளுவது காற்றுத்தான் என்றாவது தெரிந்தது. அந்த வீட்டில் அவளை யாராவது தள்ளினார்களா, அல்லது அவள் தானாகவே விலகி நின்றாளா? தகரப்பேணிக் காலத்தில் தாய்க்குக் கோபமாவது இருந்தது, அந்தக் கோபத்துக்கு ஒரு விலாசம் இருந்தது. துஷாந்தியின் கோபத்துக்கு அது இல்லை. கேட்டால், "சீ, என்ன பிள்ளை, உப்பிடியும் நினைக்கிறதோ?" என்பார்கள். நினைத்தவளே குற்றவாளி ஆவாள். அநியாயம் நாகரிகமடைவது என்றால் இதுதான். அது ஒழியாமலே மறைந்துவிடும். ஒடுக்கப்பட்டவளுக்கு அதை நிரூபிக்கவும் முடியாது, மறக்கவும் முடியாது.

வங்களாவடிச் சந்தியில் அவள் பிரேக்கை அழுத்தி ஓரமாக நின்றாள். அபெனா!

அபெனாவும் இப்படித்தானே அந்தக் குசினியில் நின்றிருப்பாள்? இவள் பேணியை எடுக்க ஓடுவது ஏன், தட்டைத் தேய்ப்பது ஏன், பின்னால் பாய்ந்தது ஏன்? என் தோலுக்காகவா, வேறு காரணமா, நான்தான் பிழையாக நினைக்கிறேனா? மாதக்கணக்காக அந்த விறாந்தைக் கதிரையில் அபெனாவை இருத்தி வைத்தது வேறு யாருமில்லை. ஆனால் நான் சறோஜினிதேவி இல்லையே! இல்லையா? பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்னை அழுத்தித் திட்டிக்கொண்டு போனான்.

வியாழக்கிழமை விசாரணைக்கு அவள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தாள். வெளியே ஒலிபெருக்கி கட்டுகிறவர்கள் "சோதனை, சோதனை" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். திரையில் குடியிருப்பின் அலுவலர் ஹெலேனா. இன்னொரு கட்டத்தில் அபெனா, முகத்தில் சிரிப்பில்லாமல்.

ஹெலேனா நல்ல பெண். துஷாந்தி வாய் திறப்பதற்கு முன்பே அவள் வழி திறந்துவிட்டாள். "நான் கொஞ்சம் வாசித்துப் பார்த்தேன். தெற்காசியாவில் பாத்திரங்களைப் பகிர்வது பற்றி மரபான சுத்த விதிகள் இருக்கின்றன. இது உன் கலாசாரமா? அப்படியென்றால் சொல், நாங்கள் அதை மதிக்கிறோம். உனக்குத் தனி அலுமாரி ஒதுக்கலாம். குசினியில் ஓர் அறிவித்தலும் ஒட்டலாம்."

கம்சிகா சொன்ன கதவு தானாகவே திறந்து கிடந்தது. ஓம் என்ற ஒரு சொல் போதும். அறையும் இருக்கும், படிப்பும் இருக்கும். இனி அவளுக்கென்று தனி அலுமாரி, சுவரில் அறிவித்தலோடு. வேலியில் செருகிய தகரப்பேணிக்குப் பின்லாந்து அரசாங்கத்தின் மரியாதை.

"இல்லை" என்றாள் துஷாந்தி. அவளுடைய குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "அது என் கலாசாரம் இல்லை. அது எங்களுக்குச் செய்தது."

ஹெலேனா குழம்பினாள். "யார் செய்தது? வேறு இனத்தவர்களா?"

"இல்லை. தமிழர்தான்."

"நீயும் தமிழ்தானே?"

"ஓம்... ஆம். என் ஊரில் சிலருடைய கோப்பையில் நாங்கள் குடிக்கக் கூடாது. நாங்கள் தொட்டால் அது அழுக்கு. அதனால் என் அம்மா எனக்கு ஒரு கோப்பை தந்தார். நான் அபெனாவின் கோப்பையைத் தள்ளவில்லை. அவள் கோப்பை என்னால்..." ஆங்கிலம் அந்த இடத்தில் நின்றுவிட்டது. தமிழிலும் அதற்கு மேல் சொல் இருந்ததா என்று தெரியவில்லை.

"ஆகவே, அது உங்கள் சமூகத்தின் ஒரு வழக்கம்" என்று ஹெலேனா எழுதிக்கொள்ளப் போனாள்.

"எழுதாதே!" என்று அபெனா குறுக்கிட்டாள். முதல் தடவையாக அவள் கமராவுக்கு அருகில் வந்தாள். "நீ என் தட்டைக் கழுவிக் கழுவித் தந்தாயே, அது என் அழுக்கு என்று நினைத்தா, உன் அழுக்கு என்று நினைத்தா?"

"எனக்குத் தெரியாது" என்றாள் துஷாந்தி. "என் அழுக்கு என்றுதான் பழகியது. ஆனால் பழக்கம் என் கையில் இருந்தது, பட்டது உனக்கு."

"ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?"

"சொன்னால் உனக்கும் தெரிந்துவிடுமே. உலகத்தில் எனக்கு அந்த ஒரு குசினியில்தான் என்னைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாமல் இருந்தது."

வெளியே "சோதனை, சோதனை" நின்றுவிட்டு ஒரு நாதஸ்வரம் அலறத் தொடங்கியது. இராசமலர் கதவைத் தட்டி, "பிள்ளை, தேத்தண்ணி ஆறப்போகுது!" என்று கூப்பிட்டாள். திரையில் ஹெலேனா இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளிடம் இருந்த விதிகளில் இதற்கான விதி இல்லை. கறுப்பருக்கு எதிராக வெள்ளையர், இந்த நாட்டவருக்கு எதிராக அந்த நாட்டவர் என்றெல்லாம் அவளுக்குப் பெட்டிகள் இருந்தன. ஒரே மொழி பேசி, ஒரே தீவில் பிறந்து, ஒரே விமானத்தில் வந்த துஷாந்திக்கும் கம்சிகாவுக்கும் இடையில் இருந்த தூரத்தைப் போடுவதற்கு அவளிடம் பெட்டி இல்லை.

"முறைப்பாட்டை மீளப் பெறுகிறாயா?" என்று ஹெலேனா அபெனாவைக் கேட்டாள்.

"இப்போது இல்லை" என்றாள் அபெனா. "எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. எனக்கு நடந்தது நடந்ததுதான். அவள் திரும்பி வரட்டும். குசினியில் என் முகத்துக்கு நேரே இருந்து முழுக்கச் சொல்லட்டும். அதற்குப் பிறகு முடிவெடுக்கிறேன். அறிவித்தல் மட்டும் ஒட்டாதீர்கள்."

ஹெலேனா முடிவை ஒத்திவைத்தாள். அறை இப்போதைக்கு இருக்கிறது. இனியும் இருக்குமா என்பது துஷாந்தி அங்கே போய் என்ன சொல்கிறாள் என்பதில் தங்கியிருக்கிறது. திரை இருண்டது. சொன்னதால் நெஞ்சு இலேசாகிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. ஒளிந்திருந்த ஒரே இடத்தையும் தானே காட்டிக்கொடுத்துவிட்டேனோ என்ற பயம் ஒரு பக்கம், பொய்யை விற்றுப் படிப்பை வாங்கவில்லை என்ற எண்ணம் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் அவள் கலியாண வீட்டின் சத்தத்துக்குள் எழும்பிப் போனாள்.

அடுத்த வாரம் அவள் விமானம் ஏறுவாள். அந்தக் குசினியில் நடக்கப்போவது அந்த இரண்டு பெண்களின் பாடு. அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் வேலணையில் அவள் விடையில்லாமல் விட்டுவந்த கேள்விக்கு அவளால் பதில் தேட முடியாது. அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். நாளைக்கு உங்கள் வீட்டுக்குத் தேங்காய் பறிக்க வருகிறவரை, மதில் பூச வருகிறவரை, பார்சல் கொண்டுவரும் பிள்ளையை உள்ளே கூப்பிடுங்கள். நீங்கள் இருக்கிற கதிரையில் இருத்துங்கள். நீங்கள் குடிக்கிற கோப்பையிலேயே ஊற்றிக் கொடுங்கள். அவர்கள் தயங்குவார்கள், வேண்டாம் என்பார்கள், இப்பதான் குடித்தேன் என்பார்கள். விடாதீர்கள். இவ்வளவு காலமும் ஏன் இப்படிக் கொடுக்கவில்லை என்று அவர்கள் முகம் கேட்டால், உண்மையான காரணத்தை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.